வாண்டு எடுத்து வைத்த செருப்பு

சனிக்கிழமை காலையில் வெயில் ஏறும் நேரத்துக்கு, குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் லாரி வந்து நிற்கும். நின்றதும் பிரேக்கில் அடைத்திருந்த காற்று ‘புஸ்ஸ்’ என்று இறங்கும். மூன்றாவது மாடியில் அம்மாவின் காதில் அது விழுகிறதோ இல்லையோ, குழந்தை வாண்டுவின் காதில் விழுந்துவிடும். வாயில் இருக்கும் ரொட்டியை மென்றும் மெல்லாமலும் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடும்.

கதவைப் பார்த்து ஓடும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. கதவுக்குப் பக்கத்தில் செருப்பு விடும் மூலை இருக்கிறது, அங்கே ஓடும். அம்மாவின் பழுப்பு நிறச் செருப்பில் ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் வைக்கும். திரும்பப் போய் இன்னொன்றைக் கொண்டுவரும். ஜோடி நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, இடது வலது மாறியிருந்தால் மாற்றி வைக்கும். நாற்காலி முதுகில் தொங்கும் துணிப்பையை இழுத்துத் தரையோடு தேய்த்துக்கொண்டு வரும். எல்லாம் முடிந்தபின் அவள் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி, புதிதாக முளைத்த பல் தெரியச் சிரிக்கும்.

கிளம்பு என்று அர்த்தம்.

அதற்குள் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வரும். கதவு திறக்கும். “ப்பா!” என்று ஒரு கூச்சல். வாரம் பூராவும் சாலையில் கிடந்த தூசியும் வேர்வையுமாக நிற்கும் அந்த மனிதரின் மேல் குழந்தை குரங்குக்குட்டி மாதிரி ஏறிவிடும். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவாள். திரும்பிப் பார்த்தால் புருஷனின் தோளுக்கு மேலே ஒரு குட்டிக் கை மட்டும் டாட்டா காட்டிக்கொண்டிருக்கும். அழுகை? பேச்சுக்குக்கூடக் கிடையாது.

பல வருஷம் பிள்ளைச் சத்தம் இல்லாமல் கிடந்த வீடு அது. ஏறாத படி இல்லை, வேண்டாத வேண்டுதல் இல்லை. கடைசியில், கடல் தாண்டி இன்னொரு தேசத்தில், ஒரு குழந்தைகள் இல்லத்தில் இவர்களுக்கென்று ஒரு பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் முதல் தடவையாக விமானம் ஏறிப் போய்க் கூட்டிவந்தார்கள். வரும்போது குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும். நம் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது, அதன் பேச்சு இவர்களுக்குத் தெரியாது. நல்ல பெயர் ஒன்று வைத்தார்கள். யார் கூப்பிட்டார்கள் அதை? வந்த வாரமே கோதுமை மாவு டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று நின்று சிரித்ததைப் பார்த்து அவர் “அடி வாண்டு!” என்றார். அதோடு சரி, அதுவே பெயராகிவிட்டது.

அவர் ஓட்டுவது குளிர்சாதன லாரி. மீனும் பாலும் ஏற்றிக்கொண்டு போனால் வாரம் முழுக்க வழிதான் வீடு. அவளுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். குழந்தை வந்தபிறகு, யாரிடமும் விட்டுவிட்டுப் போகக்கூடாது, நம்மில் ஒருவர் எப்போதும் கூட இருக்கவேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். அவள் மேஸ்திரியிடம் கெஞ்சி சனி, ஞாயிறு வேலைக்கு மாறிக்கொண்டாள். சனிக்கிழமை அவர் வந்ததும் அவள் போவாள். அவள் திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை குழந்தை கண் விழிக்கும் முன்பே போய்விட்டு, பொழுது சாயும்போது வருவாள். அவள் வந்ததும் அவர் லாரி எடுப்பார். நல்ல ஏற்பாடு என்று அவர்களே தங்கள் முதுகைத் தட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் அவள் பங்குக்கு வந்தது எது, அவர் பங்குக்கு வந்தது எது என்று பாருங்கள். மூக்குச் சிந்துவது அவள். நகம் வெட்டுவது அவள். காதைப் பிடித்துத் திருப்பி மருந்து ஊற்றுவது அவள். தடுப்பூசி போட மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டவளும் அவளே. மின்சாரப் பிளக்கில் விரலை விடாதே, தண்ணீரைக் கொட்டாதே, வாயில் என்ன, துப்பு, துப்பு! திங்கள் முதல் வெள்ளி வரை இதுதான். சனி, ஞாயிறு அவர் குதிரை ஆவார், கரடி ஆவார், போர்வைக்குள் புகுந்து மலை ஆவார். குளிப்பாட்டுகிறேன் என்று இரண்டு பேருமாகக் குளியலறையைக் குளமாக்குவார்கள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு ஜன்னலோரம் நின்று, போகிற வண்டிக்கெல்லாம் ஹார்ன் அடிப்பார்கள், வாயால்.

வேலை முடிந்து ஞாயிற்றுக்கிழமை அவள் படியேறும்போது இரண்டாவது மாடியிலேயே அந்தச் சிரிப்பு கேட்கும். வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பி விக்கலில் முடிகிற சிரிப்பு. அவளிடம் அது அப்படிச் சிரித்ததே இல்லை. ஒவ்வொரு படியாக ஏறிப் போய்க் கதவைத் திறந்தால், அவர் பூட்ஸ் மாட்டி, சாவியைக் கையில் பிடித்துத் தயாராக நிற்பார். தாமதித்தால் ஏற்றவேண்டிய மீன் கெட்டுவிடும். குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டு இறங்குவார்.

அப்போது பார்க்கவேண்டும் அந்த அழுகையை! கையை நீட்டி, காலை உதைத்து, முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, “ப்பா, ப்பா” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழும். அவள் அணைத்தால் நெளியும். ரொட்டி கொடுத்தால் தட்டிவிடும்.

இதுதான் அவளைக் கொன்றது. ஊரில் எந்தத் தாயாவது பிள்ளை அழாமல் இருக்கிறதே என்று வருத்தப்பட்டிருப்பாளா? இவள் வருத்தப்பட்டாள். அவர் போனால் கண்ணீர் ஆறாக ஓடுகிறது, நான் போனால் செருப்பு எடுத்து வைக்கிறது. அவருக்குக் கிடைக்கும் அந்த அழுகையின்மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை, அப்படி ஒரு எரிச்சல். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பது அவள் வழக்கம். அந்த நிமிஷத்திலும் இதுதான் வந்தது. ‘ஆண்டவனே, பிள்ளை கொடு என்று கேட்டேன், கொடுத்தாய். இப்போது அது எனக்காக அழவில்லையே என்று வந்து நிற்கிறேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதா? கட்டினவர்மேலேயே வயிறு எரிகிறதே, இதைப் போய் உன்னிடம் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.’

சொன்னாளே தவிர, கை சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் அவர் அட்டைப்பெட்டியை வெட்டி, நான்கு தட்டுகளைச் சக்கரமாக ஒட்டி, ஒரு லாரி செய்து வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமையிலிருந்து குழந்தை அதைவிட்டு இறங்கவில்லை. அதிலேயே சாப்பாடு, அதிலேயே தூக்கம், நாள் பூராவும் “ப்பா, புஸ்ஸ்.” புதன்கிழமை பழைய காகிதக்காரர் வந்தபோது அவள் அந்த லாரியை மடித்துக் கொடுத்துவிட்டாள். வாரக் கடைசியில் புருஷன் கேட்டதற்கு, “நனைஞ்சு ஊறிப்போச்சுங்க” என்றாள். அந்த நல்ல மனிதர் சந்தேகப்படவா போகிறார்? அடுத்த சனிக்கிழமை குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டியோடு படியேறினார். இந்த லாரிக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தாள்.

சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். சூடாக இஸ்திரி உருளையிலிருந்து வெளியே வரும் விரிப்பின் இந்த முனையை ஒருத்தி பிடித்தால் அந்த முனையை இன்னொருத்தி பிடிக்கவேண்டும். அப்படி அவளுக்கு எதிரே பிடிக்கிறவளை எல்லோரும் ‘எதிர்க்கை’ என்று கூப்பிடுவார்கள். நான்கு பிள்ளை பெற்றவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

“என்னடி, மூஞ்சி விரிப்பைவிடச் சுருங்கியிருக்கு?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“ஒண்ணும் இல்லாமலா இப்படி இழுக்கிற? கிழிஞ்சா என் சம்பளத்துலயும் பிடிப்பான்.”

அவள் சொன்னாள். செருப்பு எடுத்து வைப்பதைச் சொன்னாள். எதிர்க்கை விரிப்பைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“ரெண்டு வயசுலயே செருப்பைக் கையில எடுத்துட்டாளா? எடுத்து வைக்கிறாளேன்னு சந்தோஷப்படு. என் மூத்தவன் எடுத்தா வீசுவான்.”

“உங்களுக்கு எல்லாம் சிரிப்புதான். வெளிய போன்னு சொல்லுதுக்கா அது என்னை.”

“அடிப் போடி பைத்தியம். பெத்த பிள்ளைகளே அப்பன் வந்தா அம்மாவைக் கழட்டி விட்டுரும்.”

பேச்சுவாக்கில் வந்துவிட்டது. சொன்னபிறகுதான் எதிர்க்கைக்கு உறைத்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் விரிப்பை மட்டும் பார்த்து மடித்தார்கள். ‘பெத்த பிள்ளைகளே’ என்றால், பெறாத பிள்ளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்றுதானே? அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தை அவளுக்குள் வெந்நீர் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் கண்ணாடியம்மாவின் போன் வந்தது. தத்து கொடுத்த அலுவலகத்திலிருந்து அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிற அம்மா. குழந்தை எடை ஏறியிருக்கிறதா, தூங்குகிறதா, ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தடித்த கண்ணாடிக்குள் கண் இரண்டும் மீன் மாதிரி பெரிதாகத் தெரியும். இதுவரை நடுவாரத்தில்தான் வந்திருக்கிறார்கள்.

“இந்தத் தடவை உங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பாக்கணும்மா. சனிக்கிழமை வரட்டுமா?”

வரவேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவள் வேறு ஒருத்தியிடம் வேலையை மாற்றிக்கொண்டு அன்றைக்கு வீட்டில் நின்றாள். ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்தே துடைத்த தரையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். லாரிச் சத்தம் கேட்டதும் குழந்தை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அலுவலகத்து அம்மா முன்னால், ஊரறிய, ‘நீ போ’ என்று செருப்பை எடுத்து வைக்கும். அதைப் பார்த்தபிறகு அந்த அம்மா என்ன நினைப்பார்கள்? தாயிடம் ஒட்டவில்லை என்றுதானே?

அதனால் சனிக்கிழமை காலையில் அவள் ஒரு காரியம் செய்தாள். செருப்பை ஒரு பையில் சுற்றி, ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி உச்சியில் பழைய தலையணைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். துணிப்பையையும் அதோடு சேர்த்து வைத்தாள். இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, ‘ஆண்டவனே, மன்னிச்சுக்கோ’ என்றாள்.

கண்ணாடியம்மா வந்து உட்கார்ந்து பாதி டீ குடித்திருக்கமாட்டார்கள், கீழே ‘புஸ்ஸ்.’

குழந்தை ஓடியது. மூலையைப் பார்த்தது. செருப்பு இல்லை. குனிந்து பார்த்தது. கட்டிலுக்கடியில் படுத்துப் பார்த்தது. வாளிக்குள் தலையை விட்டது. துணி துவைக்கும் இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ கூப்பிட்டது. கடைசியில் கண்ணாடியம்மாவின் பாவாடை ஓரத்தைத் தூக்கி நாற்காலிக்கடியிலும் பார்த்தது.

“என்னம்மா தேடுது குழந்தை?”

“பந்தாத்தான் இருக்கும்” என்றாள் அவள். வாய் கூசியது.

அதற்குள் கதவு திறந்தது. அவர் வந்துவிட்டார். ஆனால் அன்றைக்கு “ப்பா!” இல்லை. குழந்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் தேடப் போய்விட்டது. அவர் கதவோரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, “வாங்கம்மா, வழியில கூட்டம், தாமதமாயிடுச்சு” என்று வணக்கம் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்து, வஞ்சகம் தெரியாத அந்த வாயைத் திறந்தார்.

“ஏம்மா, உன் செருப்பைத் தேடுறா பாரு. எங்க வச்ச?”

அவள் பார்த்த பார்வையில் லாரியே பொசுங்கியிருக்கவேண்டும். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இங்கதானே இருக்கும்” என்று அவரும் சேர்ந்து மூலையைத் துழாவினார்.

குழந்தை நடுவீட்டில் நின்றது. ஒரு விரலை வாயில் வைத்தபடி அம்மாவைப் பார்த்தது, கண்ணாடியம்மாவைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. பிறகு அதன் பார்வை கதவோரம் கிடந்த பூட்ஸின்மேல் விழுந்தது. சேறு ஒட்டிய, முழங்கால் உயரப் பூட்ஸ். தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் வாரைப் பிடித்து, பின்பக்கமாக நடந்து, தரையெல்லாம் சேறு கோடு போட இழுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தது. மூச்சு வாங்க அடுத்ததையும் கொண்டுவந்தது. ஜோடி சேர்த்தது. அவர் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டியது. சிரித்தது.

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. “என்னடா வாண்டு, நான் இப்பதானே வந்தேன்?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அவளுக்கு உள்ளே குபீரென்று ஒரு சந்தோஷம். மறைப்பானேன், சந்தோஷம்தான். இப்போது தெரிகிறதா? வாரா வாரம் எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது தெரிகிறதா? அந்தச் சந்தோஷம் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. பூட்ஸுக்கும் குழந்தைக்கும் நடுவே கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தப் பெரிய உடம்பு உட்கார்ந்திருந்தது. அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அது அவளுடைய முகம். எந்தக் கண்ணாடியிலும் அவள் பார்க்காத, அவளுடைய சனிக்கிழமை முகம்.

கண்ணாடியம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

“அடடா, இன்னும் மறக்கலையா இது?”

“எதும்மா?” என்றார் அவர்.

“அந்த இல்லத்துக்கு நான் போயிருக்கேன். ஆயாக்கள் முறை வச்சு வருவாங்க. ஒருத்தி உள்ள வந்தா, இருந்தவ கிளம்பணும். பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து கத்தும். அதுக்கு அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. போறவளோட செருப்பையும் பையையும் பிள்ளைங்களே எடுத்துட்டு வந்து வைக்கணும். கையில வேலை இருந்தா அழாதுங்க. கன்னத்துல ஒரு முத்தமும் கிடைக்கும். பிடிச்ச ஆயான்னா செருப்புக்கு அடிதடியே நடக்கும்!”

அவள் மெல்ல உட்கார்ந்தாள். “அப்ப… நான் போகணும்னு இல்லையா?”

“போகணும்னு இல்லம்மா. புதுசா ஒருத்தர் வந்தா, இருக்கிறவங்க போவாங்கன்னு அதுக்குத் தெரியும். அவ்வளவுதான். இன்னைக்கு நான் வந்தேன், இவரும் வந்தாரு, யாரோ ஒருத்தர் போயாகணும். உங்க செருப்பு கிடைக்கலை.”

“ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறப்ப மட்டும் அப்படி அழுவாளே?” என்றார் அவர்.

“பூட்ஸை நீங்களே மாட்டிக்கிட்டு நிப்பீங்களோ?”

அவர் தலையாட்டினார்.

“அப்ப அதுக்குச் செய்ய என்ன இருக்கு? அழத்தான் செய்யும்.” கண்ணாடியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “ஏம்ப்பா, நீங்க ரெண்டு பேரும் முழிச்சிருக்கிற நேரத்துல சேர்ந்து இந்தப் பிள்ளைகூட இருந்தது எப்போ?”

குழந்தை பூட்ஸுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தது.

அந்த அம்மா போனபிறகு அவள் முதலில் லேசானாள். செருப்புக்கு அடிதடி நடக்கும் என்றார்களே, அப்படியானால் பிடித்துத்தானே கொண்டுவந்து வைத்தது? பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அதுவும் குத்த ஆரம்பித்தது. பிடித்த ஆயா. எத்தனை பிடித்தால் என்ன, ஆயாதானே? அப்புறம் கோபம் வேறு திசையில் திரும்பியது. இல்லத்து ஆயாக்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஒருவர் வந்தால் ஒருவர் போகவேண்டும் என்று இந்த வீட்டில் முறை வைத்தது யார்? யாரிடமும் விடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, அந்த இல்லத்தையே மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் இரண்டு பேரும்.

“ஞாயித்துக்கிழமை வேலையை விட்டுடறேங்க” என்றாள்.

“செலவுக்குக் கை கொஞ்சம் இறுகும்.”

“இறுகட்டும்.”

“சரி” என்றார் அவர். பூட்ஸை எடுத்து மூலையில் வைத்துவிட்டு வந்தார்.

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். எதிர்க்கைதான், “அப்ப ஞாயித்துக்கிழமை என் எதிர்ல எந்த மூதேவியைப் பிடிச்சு நிறுத்தப் போறானோ” என்று சலித்துக்கொண்டாள். போகும்போது அவள் பையில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டைத் திணித்து, “அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதடி” என்றாள்.

அப்படி வந்தது முதல் ஞாயிற்றுக்கிழமை. மனதுக்குள் அவள் என்னென்னவோ கட்டி வைத்திருந்தாள். மூன்று பேரும் கட்டிலில் புரள்வார்கள், அந்த வயிற்றுச் சிரிப்பு தன் காதுக்குப் பக்கத்தில் கேட்கும் என்று.

நடந்தது என்ன? கண் விழித்த குழந்தை நேராக அவரிடம் போனது. அவர் கரடியானார். குழந்தை கத்திக்கொண்டு அட்டை லாரிக்குள் ஒளிந்தது. “நானும் வரட்டுமாடா?” என்று அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. இறங்கிப் போனது. அவள் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தது.

“அம்மா போகலடா கண்ணு. இன்னைக்கு வீட்டுலதான்.” செருப்பைக் கொண்டுபோய் மூலையில் விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கொண்டுவந்தது. மறுபடியும் கொண்டுபோய் விட்டாள். மூன்றாம் தடவை அதன் உதடு நடுங்கியது. செருப்பை அவள் பாதத்தில் வைத்து அழுத்தியது. ஏன் என்று தெரிந்திருந்தும் அவளுக்கு வலித்தது. தெரிந்துவிட்டால் மட்டும் வலிக்காமல் இருக்குமா என்ன?

“நீங்களே விளையாடுங்க. எனக்கு அடுப்புல வேலை கிடக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உருளைக்கிழங்கை உரித்தாள். உரித்தாள் என்பதைவிடச் செதுக்கினாள் என்று சொல்லலாம். அறையில் அவர் கரடிக் குரலில் உறுமுவது கேட்டது. சம்பளத்தை விட்டுவிட்டு வந்தது இவர்கள் விளையாட்டுக்குச் சமைத்துப் போடத்தானா? பாத்திரத்தை அடுப்பில் ‘ணங்’கென்று வைத்தாள். உறுமல் கேட்டது. கேட்டது. பதிலுக்குச் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை.

“வாண்டு, எங்கடா போன?” என்றார் அவர்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். நடுவீட்டில் அவருடைய பூட்ஸும் அவளுடைய செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டு பேரிடமும் கொடுத்துப் பார்த்தும், இரண்டு பேரும் வாங்கிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

குழந்தை கதவடியில் இருந்தது. தன்னுடைய குட்டிச் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டிருந்தது. இடது வலது மாறியிருந்தது, அதை மாற்றவில்லை. ராத்திரி போர்த்திக்கொள்ளும் துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, சாத்திய கதவைப் பார்த்து, முதுகு நேராக உட்கார்ந்திருந்தது. அழவில்லை. அடம்பிடிக்கவில்லை. யாரோ வந்து கூட்டிப்போவார்கள் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

அவள் அந்தக் குட்டிச் செருப்பையே பார்த்தாள்.

அந்த இல்லத்தின் கூடம் கண் முன்னால் வந்தது. ஒருநாள் முறை மாற்ற ஆயா வரவில்லை. ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்து நின்றார்கள். இரண்டு பேரும் போகவில்லை. அன்றைக்கு யாருடைய செருப்பும் எடுத்து வைக்கப்படவில்லை. குழந்தையின் காலில்தான் புதுச் செருப்பு மாட்டினார்கள். மாட்டியவள் அவள்தான். சந்தோஷத்தில், வார் கொக்கியில் நுழையாமல், திரும்பத் திரும்ப முயன்று, தானே மண்டியிட்டு மாட்டிவிட்டாள்.

இரண்டு பேர் சேர்ந்து நின்ற நாளில் அந்த இல்லத்தைவிட்டுப் போனது அந்தக் குழந்தை. இன்றைக்கும் இரண்டு பேர். யாரும் போகமாட்டேன் என்கிறார்கள். மிச்சம் இருப்பது யார்?

தன்னை யார் விரட்டுகிறார்கள் என்று இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்தாளே, அந்த எரிச்சலுக்கு அப்போது நேரமில்லை. ஓடிப்போய்க் கதவுக்கும் குழந்தைக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அந்தச் செருப்பின் வாரைத் தொட்டதும் குழந்தை காலை இழுத்தது. அவள் விடவில்லை. ஒன்றைக் கழற்றினாள். குழந்தையின் வாய் கோணியது. இரண்டாவதைக் கழற்றியதும் வெடித்துவிட்டது.

அப்படி ஓர் அழுகையை அவள் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில்கூடக் கேட்டதில்லை. கையைக் காலை உதைத்து, அவள் மார்பில் முட்டி, முட்டிய இடத்திலேயே முகத்தைப் புதைத்து, அவள் சட்டையை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்துக்கொண்டு அழுதது. ஆசைப்பட்டாளே, அந்த அழுகை. கிடைத்தபோது அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

“யாரும் போகலடா. நீ போகல. அம்மா போகல. அப்பா போகல. யாரும் எங்கயும் போகல.” வார்த்தை புரிந்ததோ என்னவோ, சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் அறை வாசலில் போர்வையும் கையுமாக நின்றார். கிட்டே வருவதா வேண்டாமா என்று தயங்கினார். குழந்தை இப்போது அவளிடம் இருக்கிறது, முழுசாக அவளிடம். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் அவளே கண்ணால் அவரைத் தள்ளி நிறுத்தியிருப்பாள்.

“என்னங்க, ஏன் அங்கயே நிக்கிறீங்க? இங்க வந்து உட்காருங்க.”

“நான் வந்தா என்கிட்ட தாவிடுவாளேம்மா.”

“தாவட்டும். வாங்க.”

அவர் வந்து அவள் பக்கத்தில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததில் கதவு கிறீச்சிட்டது. குழந்தை விக்கிக்கொண்டே ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. ஒரு கை அவள் சட்டையை விடவில்லை. இன்னொரு கை நீண்டு அவருடைய தாடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

அப்போதும் அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. இல்லை என்று சொன்னால் பொய். அவருக்குத் தாடி, எனக்கு வெறும் சட்டைதானா என்று ஒரு நினைப்பு எறும்பு மாதிரி ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

விக்கல் நின்றபாடில்லை. குழந்தை இவர்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர்களில் ஒருவர் அசைந்தாலும் பிடி இறுகியது. அடுக்களையிலிருந்து உருளைக்கிழங்கு அடிப்பிடிக்கும் வாடை வந்தது.

“ஏம்மா, அடுப்பு…” என்று அவர் எழப்பார்த்தார்.

தாடியில் பிடி இறுகியது. அவள் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“தீயட்டும்” என்றாள்.